கரட்டு இருசம்மாள்

மலைக்கும் வயலுக்கும் நடுவில், இரண்டிலும் சேராமல் கிடக்கும் கல்லுமேட்டுக்குக் கரடு என்று பேர். கல்வராயன் மலை இறங்கி முடிந்து, கள்ளக்குறிச்சிப் பக்கம் சமதரை ஆரம்பிப்பதற்குள் அப்படிப் பல கரடுகள் வரும். நெடுங்காட்டேந்தலுக்கு மேற்கே இருந்த கரட்டில் வளர்ந்தவள் இருசம்மாள். கரட்டு இருசம்மாள் என்றால்தான் அவளைத் தெரியும். பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட அந்தச் சொல்லுக்காக அவள் ஒருவன் காதை அறுத்தாள். ஆறு வருசம் ஜெயிலில் இருந்தாள்.

அந்தச் சொல் முதலில் அவள் அப்பன் வேடியப்பனுக்கு வந்தது.

நெடுங்காட்டேந்தலில் அப்போது மூன்று வேடியப்பன்கள் இருந்தார்கள். ஓடையோரம் குடியிருந்தவன் ஓடை வேடியப்பன். ஏரிக்கரையில் இருந்தவன் கரை வேடியப்பன். இருசம்மாளின் அப்பனுக்குச் சொந்தமாக ஓடையும் இல்லை, கரையும் இல்லை. ஊரில் நூறு ஏக்கர் வைத்திருந்த வீரமுத்துவின் களத்துமேட்டில், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் படுத்துக்கொள்வான். அதனால் அவனை ‘வீரமுத்து வூட்டு ஆளு’ என்றார்கள். வேடியப்பன் என்ற பேரை அவன் பெண்டாட்டி குஞ்சம்மாள் கூடச் சொல்வதில்லை. அது அவள் புருசன் பேர் என்பதால்.

ஐம்பத்திரண்டாம் வருசம் வாக்கில், ஒரு எருது கால் ஒடிந்ததற்காக வீரமுத்து அவனைத் தூணில் கட்டிப் புளியம் மிளாரால் அடித்தான். முதுகுத் தோல் உரிந்து வந்தது. கட்டு அவிழ்த்துவிட்டதும் வேடியப்பன் பெண்டாட்டியையும் ஐந்து வயசு இருசம்மாளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு மேற்கே நடந்தான். கரட்டுக்குப் போனான். அது யார் பேரிலும் இல்லாத புறம்போக்கு. ஆடு மேய்க்கிறவன்கூட ஏறாத இடம். கள்ளியும் கல்லும் கட்டுவிரியனும்தான் அங்கே குடித்தனம்.

வேடியப்பன் கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டினான். புரட்டிய கல்லை உருட்டிக் கொண்டுபோய் ஓரத்தில் அடுக்கினான். மூன்றாம் வருசம் ஒரு பாறை வழுக்கி வந்து குஞ்சம்மாளின் காலை நசுக்கியது. முழங்காலுக்குக் கீழே சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, பன்னிரண்டாம் நாள் அவள் செத்துப்போனாள். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாளே வேடியப்பன் அதே பாறையை நெம்பி, சுவரில் மூலைக்கல்லாக வைத்தான். எட்டு வயசு இருசம்மாள் பக்கத்தில் நின்று சின்னக் கற்களைப் பொறுக்கிப் போட்டாள். அழவில்லை. அழுதால் நைனா கடப்பாரையைக் கீழே போட்டுவிடுவாரோ என்று பயம்.

பதினோரு வருசத்தில் மார்பு உயரத்துக்குக் கல்சுவர் எழும்பியது. உள்ளே இரண்டரை ஏக்கர் மண் வெளியே தெரிந்தது. முதலில் கொள்ளு விளைந்தது. பிறகு வரகு. கிணறு வெட்டி, இருபத்தெட்டு அடியில் தண்ணீர் பீறிட்டபோது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்டார்கள். அந்த வருசம்தான் ஊர் அவனைக் கரட்டு வேடியப்பன் என்று கூப்பிட ஆரம்பித்தது. போகப் போகக் கரட்டான் ஆயிற்று. குடிசைக்குக் கரட்டு வூடு என்று பேர் வந்தது.

அவனுக்கு அந்தப் பேர் கள்ளைவிடப் போதையாக இருந்தது. சந்தையில் யாராவது “யாருப்பா நீ?” என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்திக் கொண்டு “கரட்டானுங்க” என்பான். மகளிடம் ஒரு நாள் சொன்னான்: “முன்னல்லாம் என் பேர சொன்னா அதுல இன்னொருத்தன் பேரு இருக்கும். இப்ப பாத்தியா, கல்லும் மண்ணும்தான் கீது.”

வீரமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. அவனுடைய களத்தில் கட்டிவைத்து அடித்த ஆள் நாலு பேர் மதிக்கிற மாதிரி ஒரு பேரோடு நடமாடுகிறான். கரட்டான் என்பதை அவன் கரட்டோணான் என்று திரித்தான். சொறிபிடித்த தோலோடு பாறையில் ஒட்டிக்கொண்டு தலையாட்டும் ஓணான். அந்த ஓணானைக் கண்டால் ஊரில் கல்லால் அடித்துக் கொல்லுவார்கள். வீரமுத்து சுவர்ப்பக்கம் வண்டியில் போகும்போதெல்லாம் ஒரு கல்லை எடுத்து உள்ளே வீசுவான். “தோ, கரட்டோணான் எட்டிப் பாக்குது” என்று சொல்லிச் சிரிப்பான். கூட இருக்கிறவர்களும் வீசுவார்கள். ஒரு தடவை அப்படி வந்த கல் பதினேழு வயசு இருசம்மாளின் புருவத்தைக் கிழித்தது. அவள் அந்தக் கல்லையே எடுத்துத் திருப்பி வீசினாள். வண்டிமாட்டின் கொம்பில் பட்டு மாடு மிரண்டு ஓடியது. அன்றைக்கு வேடியப்பன் முதல் முறையாக மகளை அடித்தான். அடித்துவிட்டு, கையைப் பாறையில் குத்திக்கொண்டு அழுதான்.

இருசம்மாளுக்குப் பதினெட்டு வயசானபோது வேடியப்பன் மணலூர்பேட்டையிலிருந்து பிச்சைமுத்து என்பவனைக் கொண்டுவந்து கட்டிவைத்தான். பிச்சைமுத்து சாது. அதிர்ந்து பேசமாட்டான். கரட்டிலேயே மாமனாருக்குத் துணையாக இருந்துகொண்டான். மறு வருசம் செவ்வந்தி பிறந்தாள்.

அறுபத்தேழாம் வருசம் மாசி மாசம். பல வருசமாகப் புறம்போக்கைத் திருத்திப் பயிர் செய்கிறவர்களுக்குப் பட்டா கொடுக்கப் போகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். வியாழக்கிழமை அளப்பதற்கு ஆள் வருவார்கள். அன்றைக்கு யார் அந்த நிலத்தில் இருக்கிறார்களோ அவர்கள் பேரை எழுதிக்கொள்வார்கள். வேடியப்பன் புது வேட்டி வாங்கி வந்து கொடியில் போட்டான்.

புதன்கிழமை காலையில், சூரியன் பனைமரம் ஏறிய நேரத்துக்கு வீரமுத்து வந்தான். கூட அவனுடைய பண்ணையாட்கள் பத்துப் பேர். கையில் கடப்பாரை, மண்வெட்டி. வந்தவர்கள் கிழக்குச் சுவரில் கைவைத்தார்கள். முதல் கல் விழுந்த சத்தம் கேட்டு வேடியப்பன் ஓடிவந்து சுவர்மேல் ஏறி நின்றான்.

“எறங்குடா கரட்டோணான்” என்றான் வீரமுத்து. “இது எங்க மேச்ச நெலம். எழுதிக் குடுத்தாச்சு.”

“மேச்ச நெலமா? பதினஞ்சு வருசமா நான் கல்லு பொறுக்கிகினு கீறேன் ஆண்டே. ஒங்க மாடு ஒரு நாளு இங்க வந்து மேஞ்சிருக்குமா? கல்ல தின்ற மாடு ஒங்க வூட்ல கீதா?”

பண்ணையாட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அதுதான் வினையாகப் போயிற்று. வீரமுத்து திரும்பி, சிரித்தவன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினான். முதல் அடி வேடியப்பனின் முழங்காலில் விழுந்தது. கால் மடங்கி அவன் சுவர்மேலேயே உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் சுவரின் கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இரண்டாம் அடியை வீரமுத்து மண்டையில் போட்டான். அதற்கப்புறம் வேடியப்பன் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

இருசம்மாள் வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பன் சுவரிலிருந்து சரிவதைப் பார்த்தாள். கையில் கொடுவாள் இருந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். வெறுங்காலோடு உழவுமண்ணில் ஓடி, வீரமுத்துவின் பின்னால் போய்ச் சேரும்வரை யாரும் கவனிக்கவில்லை. கழுத்துக்குத்தான் குறி வைத்தாள். அவன் தலையைத் திருப்பியதால் கொடுவாள் இடது காதை அறுத்துக்கொண்டு, கன்னத்தைத் தாடைவரை பிளந்தது. காது கீழே விழுந்தது. அவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரண்டான். அவள் மறுபடி ஓங்கினாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு மண்வெட்டிக் காம்பு அவள் விலாவில் விழுந்தது. பிறகு எத்தனை விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. மயங்கும்போது கடைசியாகப் பார்த்தது குடிசைக்கூரையில் தீ.

குடிசைக்குள் ஏணையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கிணற்றிலிருந்து மேலே ஏறிவந்த பிச்சைமுத்துவின் கண்ணுக்கு இரண்டு காட்சி ஒரே சமயத்தில் தெரிந்தது. இந்தப் பக்கம் பெண்டாட்டியை நாலு பேர் போட்டு மிதிக்கிறார்கள். அந்தப் பக்கம் கூரை எரிகிறது. அவன் தீயை நோக்கி ஓடினான். ஏணைக்கயிறு எரிந்து அறுகிற நேரத்தில் கை நீட்டிக் குழந்தையைப் பிடித்தான். இரண்டு உள்ளங்கையும் வெந்து தோல் சுருண்டது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேற்கே மலைச்சரிவில் ஏறி, ஓடி, இரண்டு நாள் கழித்து மணலூர்பேட்டையில் தன் அக்காள் வீட்டு வாசலில் போய் விழுந்தான்.

வேடியப்பன் கல் உடைக்கும்போது பாறை புரண்டு விழுந்து செத்தான் என்று எழுதினார்கள். பத்துப் பேரும் அப்படித்தான் சாட்சி சொன்னார்கள். வீரமுத்துவை வெட்டியதற்கு மட்டும் இருசம்மாள் மேல் கேஸ் ஆயிற்று. கோர்ட்டில் அவளைக் கேட்டபோது, “வெட்டினேன். கழுத்து தப்பிப்போச்சு” என்றாள். அவளுக்காகப் பேச வந்த வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஏழு வருசம் போட்டார்கள்.

வேலூர் ஜெயிலில் பதிகிறவர் பேரைக் கேட்டார். “கரட்டு இருசம்மா” என்றாள்.

“கரட்டுன்னா இன்னாம்மா, ஜாதியா?”

“இல்லீங்க. எடம்.”

“எடத்த எல்லாம் பேர்ல சேக்க முடியாது.”

“சேக்கலேன்னா நான் கூப்புட்டா வரமாட்டேங்க” என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

ஜெயிலில் அவள் நல்ல பிள்ளையாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. முதல் வருசமே, செத்துப்போன அம்மாவைப் பற்றி அசிங்கமாகப் பேசிய ஒருத்தியின் இரண்டு பல்லை உடைத்தாள். தனிக்கொட்டடியில் போட்டார்கள். அங்கே இருட்டில் உட்கார்ந்து, அப்பன் எந்தக் கல்லை எங்கே வைத்தார் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாள். கிழக்குச் சுவர் முழுக்க அவளுக்கு மனப்பாடம். வருசத்துக்கு இரண்டு தடவை பிச்சைமுத்து வருவான். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன கையைக் கம்பிமேல் வைத்துக்கொண்டு நிற்பான். முதல் தடவை வந்தபோது அவள் கேட்டாள்:

“என்ன வுட்டுட்டு ஓடிட்ட இல்ல?”

“கொயந்த உள்ள இருந்துச்சு.”

அவள் ரொம்ப நேரம் அவன் கையைப் பார்த்தாள். “நைனாவ எங்க பொதைச்சாங்க?”

“தெரியல. போவ முடியல. போனா என்னையும் கொன்னுடுவானுங்க.”

எழுபத்திமூன்றில் தண்டனை குறைந்து வெளியே வந்தாள். செவ்வந்திக்கு அப்போது ஏழு வயசு. அம்மா என்று கூப்பிடவே ஆறு மாசம் பிடித்தது. மூன்று பேரும் மூங்கில்துறைப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிற வேலை எப்போதும் உண்டு. ஆலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வெட்டி, கட்டி, ஏற்றி, லோடோடு கூடவே போய் ஆலை வாசலில் இறக்கவேண்டும். கரும்பின் தோகையான சோகை கையையும் முகத்தையும் அறுக்கும். வியர்வை பட்டு இரவெல்லாம் எரியும். பிச்சைமுத்துவால் கொடுவாளைப் பிடிக்க முடியாது. கட்டுகளைத் தோளில் ஏற்றிச் சுமப்பான். வெட்டுவது முழுக்க இருசம்மாள்தான்.

மூங்கில்துறைப்பட்டில் கரடு ஏது. ஆற்றங்கரை ஊர். அங்கே அவள் பேருக்கு வேறு அர்த்தம் சொல்லிக்கொண்டார்கள். கரடுமுரடான பொம்பளை, அதனால் கரட்டம்மா. அவள் நடந்துகொண்டதும் அதற்குத் தகுந்தாற்போல்தான் இருந்தது. மேஸ்திரி ஒருத்தன் செவ்வந்தியின் கையைப் பிடித்தபோது கரும்பாலேயே அவனை ஆலை வாசல்வரை அடித்து விரட்டினாள். அவளிடம் யாரும் வம்புக்குப் போவதில்லை.

எண்பத்தெட்டாம் வருசம் தை மாசம் ஒரு நாள், லோடு இறக்கிவிட்டு டிராக்டர்கள் நிற்கும் வரிசையோரம் அம்மாவும் மகளும் நடந்து வந்தார்கள். செவ்வந்தி ஐந்தாவது வரைக்கும் படித்தவள். ஒரு புது டிராக்டரின் முன்னால் நின்றுவிட்டாள்.

“யம்மா, நம்ம பேரு எழுதிக்கீது.”

“இன்னா எழுதிக்கீது?”

“கரட்டார் குடும்பம், நெடுங்காட்டேந்தல்.”

இருசம்மாள் டிராக்டரைச் சுற்றி வந்தாள். டிராக்டரில் சாய்ந்துகொண்டு ஒரு வாலிபன் நின்றான். வெள்ளைச் சட்டை, கையில் வாட்ச். வீரமுத்துவின் மகன் சுப்புராயன். அவள் அவனிடம் போனாள்.

“தம்பி, இது இன்னா பேரு?”

“எங்க குடும்பப் பேரும்மா. எங்கப்பா கரட்ட ஒடைச்சு, கல்லு பொறுக்கி நெலமாக்கினாரு. அங்கயே வூடு கட்டிகினு வந்துட்டோம். அதனால எங்கள கரட்டாருன்னுவாங்க.” பெருமையாகச் சொன்னான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“ஒங்கப்பனுக்கு எடது காது கீதா?”

அவன் முகம் மாறியது. “மலையில கரடி பிச்சிடுச்சு. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“கரடியா?” என்று இருசம்மாள் சிரித்தாள். செவ்வந்தி அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே வண்டியிலிருந்து ஒரு கரும்பை உருவி அவன் வாயில் அடித்தாள். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் கொட்டியது. இரண்டாம் அடியில் கரும்பு முறிந்தது. டிரைலரோடு வந்த ஆள் ஒருவன் இரும்பு ராடை எடுத்து அவள் தோளில் போட்டான். காரை எலும்பு முறிந்த சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டது. கரட்டம்மாவை அடிக்கிறார்கள் என்று கூக்குரல் கேட்டதும் கரும்பு வெட்டும் ஆட்கள் முப்பது பேர் பாய்ந்து வந்தார்கள். ராடு வைத்திருந்தவன் வரிசை முழுக்க உதைபட்டு உருண்டான். சுப்புராயன் தலையும் உடைந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் பேரெல்லாம் எழுதிக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் கரட்டார் மகன் சுப்புராயன். மறுபக்கம் கரட்டு இருசம்மாள்.

“இன்னா, ரெண்டு பேரும் பங்காளிங்களா?” என்றார்.

இருசம்மாள் ஒடிந்த தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்ல ஆரம்பித்தாள். எருது கால் ஒடிந்ததிலிருந்து கூரை எரிந்தது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. மகளிடம்கூட அதுவரை அவள் முழுசாகச் சொன்னதில்லை. செவ்வந்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கேட்டாள். சுப்புராயன் தலைக்கட்டில் ரத்தம் ஊற, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். முடிந்ததும் எழுந்து, “எனக்குக் கேஸு வேணாம் சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஒரு மாசம் கழித்து அவன் கரும்பு வெட்டுகிறவர்கள் குடியிருக்கும் கொட்டகைகளைத் தேடி வந்தான். உதட்டில் புதுத் தழும்பு. இருசம்மாள் தோளில் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவன் நின்றபடியே பேசினான்.

“எங்கப்பாவ கேட்டேன். செருப்ப கழட்டி மூஞ்சியில அடிச்சாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

அவள் தோள்கட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

“டிராக்டர்ல பேர அழிச்சுட்டேங்க. ஆனா ஊரு கூப்புட்றத நான் இன்னா பண்றது?”

“பேர நீ அழி, அழிக்காத போ. எங்க நைனாவ எங்க பொதைச்சான் ஒங்கப்பன்? அத்த சொல்லு.”

“கெணத்து மேட்டுல மோட்டார் கொட்டா கட்டும்போது எலும்பு வந்துச்சுன்னு ஆளுங்க பேசிகினாங்க. அப்பிடியே மேல சிமெண்ட்டு போட்டுட்டாரு. மாட்டெலும்புன்னு சொன்னாரு.”

“ஒடைக்கணும்” என்றாள் இருசம்மாள்.

அவன் யோசித்தான். அது பார்ப்பதற்குக் கஷ்டமாக இருந்தது என்று செவ்வந்தி பிற்பாடு சொல்வாள். கடைசியில் “வாங்க” என்றான்.

சித்திரையில் தோள் கூடியதும் மூன்று பேரும் பஸ் பிடித்துப் போனார்கள். இருபத்தொரு வருசத்துக்கப்புறம் இருசம்மாள் கரட்டில் கால் வைத்தாள். மச்சுவீடு நின்றது. தென்னை நின்றது. கிழக்குச் சுவர் பாதி இருந்தது. அவள் எதையும் நின்று பார்க்கவில்லை. நேராக மோட்டார் கொட்டகைக்குப் போனாள். சுப்புராயன் மோட்டாரை முன்னாடியே கழற்றி வெளியே வைத்திருந்தான். கடப்பாரையும் அங்கேயே இருந்தது. பிச்சைமுத்து ஒட்டிய விரல்களால் அதைப் பிடிக்கப் பார்த்தான். முடியவில்லை. அவள் வாங்கி, ஓங்கித் தரையில் போட்டாள். சிமெண்ட் விரிசல் விட்டது.

சத்தம் கேட்டு வீரமுத்து வீட்டுக்குள்ளிருந்து வந்தான். எழுபதை நெருங்கிய கிழவன். இடது பக்கம் காது இருந்த இடத்தில் ஓட்டை. கன்னத்தில் தாடைவரை கோணல் தழும்பு. அவளைக் கண்டதும் அவனுக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. குனிந்து ஒரு கல்லை எடுத்தான்.

“கரட்டோணான் திரும்பி வந்துடுச்சா?”

கல் அவள் நெற்றியில் பட்டது. ரத்தம் கண்ணில் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி கடப்பாரையை ஓங்கித் தரையில் போட்டாள். அவன் அடுத்த கல்லை எடுக்கக் குனிந்தபோது மகன் பின்னாலிருந்து இரண்டு கையையும் முறுக்கிப் பிடித்தான். கிழவன் மகனைக் கடித்தான், உதைத்தான், ஊரைக் கூப்பிட்டான். ஊர் வந்தது. வந்து சுவரோரம் நின்றது. யாரும் உள்ளே வரவில்லை.

முட்டி ஆழத்தில் எலும்பு தெரிந்தது. இருசம்மாள் கடப்பாரையை வைத்துவிட்டுக் கையால் பறித்தாள். கால் எலும்பு. விலா. பிறகு மண்டையோடு. வலது பொட்டுக்கு மேலே முட்டை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அவள் அதை மடியில் வைத்து மண்ணைத் துடைத்தாள்.

கூட்டத்திலிருந்து ஒரு கிழட்டுப் பண்ணையாள் சுவரைத் தாண்டி உள்ளே வந்தான். அவள் எதிரில் மண்ணில் உட்கார்ந்தான். அன்றைக்குச் சிரித்தவன் அவன்தான். “கடப்பார என்னுதும்மா” என்றான். “என் கையிலேர்ந்துதான் புடுங்கினாரு. பாற விழுந்துச்சுன்னு நான்தான் மொதல்ல சாட்சி சொன்னேன். வூட்ல அடுப்பு எரியணுமேன்னு சொன்னேன்.” சொல்லிவிட்டு ஒரு கைப்பிடி மண்ணை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டான். ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது.

சுப்புராயன் அப்பன் கையை விட்டுவிட்டான். நாலு அடி பின்னால் போய், “நீங்க இன்னா வேணா செய்யுங்க” என்றான்.

இருசம்மாள் எழுந்தாள். மண்டையோட்டைச் செவ்வந்தி கையில் கொடுத்தாள். கடப்பாரையை எடுத்தாள். வீரமுத்து ஓடவில்லை. ஓட உடம்பில் தெம்பில்லை. மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அவளை அல்ல. கடப்பாரை அவள் தலைக்கு மேலே போயிற்று. “வேணாம்மா” என்று செவ்வந்தி கத்தினாள். பிச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

கடப்பாரை அங்கேயே நின்றது. பிறகு அவள் அதை இறக்கிக் கிணற்றில் எறிந்தாள். தண்ணீரில் விழுந்த சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

“இவன இங்க கொன்னா இங்கயே பொதைப்பானுங்க. எங்க நைனா பொறுக்கின மண்ணுல இவன் படுக்கக் கூடாது.”

சுப்புராயன் தலையை ஆட்டினான். அடுத்த வருசம் வீரமுத்து செத்தபோது ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

எலும்புகளைப் புதுத் துண்டில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள் இருசம்மாள். மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் பெண்ணையாற்றங்கரையில் குழி வெட்டினார்கள். பால் ஊற்றும்போதுதான் அவள் அழுதாள். அம்மாவுக்கும் சேர்த்து அழுதாள். பிச்சைமுத்து சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இருட்டுகிற நேரத்துக்கு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, “பசிக்குது” என்றாள்.

அதற்கப்புறம் இருபது வருசம் இருந்தாள். நிலத்துக்காக இரண்டு தடவை மனு எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. சுப்புராயன் கொஞ்ச வருசம் உழுதுவிட்டு, கள்ளக்குறிச்சியில் வீடு கட்டிக்கொண்டு, கரட்டை ஜல்லி உடைக்கிறவர்களுக்கு விட்டான். வெடி வைத்து, மிஷின் வைத்து, மேடு பள்ளமாகிப் போயிற்று. அந்தச் சேதியைச் சொன்னபோது அவள் கரும்புக் கட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். “சொவுரு கல்லயும் எடுத்துட்டாங்களா?” என்று மட்டும் கேட்டாள். எடுத்துவிட்டார்கள் என்றதும், “கல்லுதானே, எங்கனா ரோட்ல கெடக்கும்” என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் திரித்தாள்.

செவ்வந்தி ஆற்றங்கரையோரம் வாழைத்தோட்டம் வைத்திருந்த ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவள் பிள்ளைகளை ஊரில் ஆத்தங்கரையான் பசங்கள் என்று கூப்பிட்டார்கள். செவ்வந்திக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. “ஏம்மா, கரட்டுப் பேரு என்னோட போவுதே” என்று ஒரு நாள் சொன்னாள். இருசம்மாள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, பேரன்கள் வாழைக்குத் தண்ணீர் திருப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போவட்டும் வுடு. இதுங்களயாவது ஒருத்தனும் கல்லால அடிக்காம இருந்தா போதும்” என்றாள்.